செங்கல் அடுக்கிலிருந்து பதினான்கு தப்படி

அப்பாவின் தூக்குக்குண்டு காணாமல் போனதற்கு நான்தான் காரணம். அது எனக்கும் என் தம்பி வாண்டுக்கும் மட்டும்தான் தெரியும். திங்கட்கிழமை மாலை அப்பா தன் சாக்குப் பையைக் கவிழ்த்து உதறியபோது, அங்கே நின்றிருந்த வேறு யாருக்கும் தெரியாது.

கரண்டி விழுந்தது. உளி விழுந்தது. நூல்கண்டு உருண்டு போய் என் காலடியில் நின்றது. குண்டு மட்டும் விழவில்லை.

தூக்குக்குண்டு தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். அப்பா ஒரு கொத்தனார். ஆட்களை வைத்து வேலை வாங்குவதால் எல்லாரும் மேஸ்திரி என்பார்கள். சுவர் நேராக எழும்புகிறதா என்று பார்க்க, நூலில் ஒரு குண்டைக் கட்டி மேலிருந்து தொங்கவிடுவார்கள். நூல் எப்படி நிற்கிறதோ அப்படியே சுவரும் நிற்க வேண்டும். கடையில் கிடைப்பது இரும்புக் குண்டு. எங்களுடையது பித்தளை. கொள்ளுத்தாத்தா வாங்கியது. அதை வைத்து ஒரு கலங்கரை விளக்கத்தையே அவர் எழுப்பினாராம். அவர் கையிலிருந்து தாத்தா கைக்கு, தாத்தா கையிலிருந்து அப்பா கைக்கு வந்தது. பெரிய பம்பரம் போல இருக்கும். பல கைகள் பட்டதில் அப்படி ஒரு வழவழப்பு.

அதைத்தான் நான் மண்ணுக்குள் புதைத்தேன்.

சனிக்கிழமை அரை நாள் பள்ளி. அம்மாவுக்கு வேலை இருந்ததால் அப்பா எங்களை வீடு கட்டும் இடத்துக்கே கூட்டிக்கொண்டு போனார். வாண்டுக்கு எட்டு வயது. அந்த வாரம் முழுக்க அவன் கடற்கொள்ளைக் கப்பலின் தலைவன். ஒரு கண்ணைக் கைக்குட்டையால் கட்டிக்கொண்டு சாப்பிடுவான். சோறு மூக்கில் போகும்.

"புதையல் புதைக்கலாம், அக்கா," என்றான். ஒரு கூழாங்கல்லை எடுத்துக்கொண்டு வந்தான்.

"கல்லைப் புதைச்சா அது என்னடா புதையல்? புதையல்னா பரம்பரைச் சொத்தா இருக்கணும்," என்று சொன்னது நான். பதினொரு வயதான, புத்தி உள்ளவள் என்று பெயர் வாங்கிய நான்.

அப்பா வீட்டுக்காரரோடு பேசிக்கொண்டிருந்தார். பை திறந்து கிடந்தது. குண்டை எடுத்து, சிமெண்ட் பைத் தாளில் சுற்றினேன். செங்கல் அடுக்கின் மூலையிலிருந்து, வெயில் சாயும் பக்கமாகப் பதினான்கு தப்படி. அங்கிருந்து மணல் மேட்டைப் பார்த்து ஆறு தப்படி. அங்கே ஒரு முழம் தோண்டிப் புதைத்து, நோட்டுத் தாளில் வரைபடமும் போட்டேன். மூலையில் ஒரு மண்டை ஓடு வரைந்தேன். அது உருளைக்கிழங்கு மாதிரி வந்தது.

தோண்டி எடுக்கப் போகும்போது அப்பா கூப்பிட்டுவிட்டார். "கிளம்புங்க, கிளம்புங்க, மழை வருது!"

"குண்டு?" என்று வாண்டு கிசுகிசுத்தான்.

"வரைபடம்தான் இருக்கே. திங்கக்கிழமை எடுத்துக்கலாம்."

ஞாயிறு முழுவதும் மழை. திங்கள் மாலை பள்ளி விட்டதும் ஓட்டமாக ஓடி வந்தோம். வந்து பார்த்தால் செங்கல் அடுக்கைக் காணோம். அது சுவராகிவிட்டிருந்தது! மணல் மேட்டில் பாதி கலவையில் போயிருந்தது. மீதி வீட்டின் பின்பக்கம் போயிருந்தது.

கட்டட வேலை நடக்கும் இடத்தில் நேற்று இருந்தது இன்று அங்கே இருக்காது. மேஸ்திரி வீட்டில் பிறந்து வளர்ந்தும் எங்கள் இருவருக்கும் அது உறைக்கவில்லை.

வரைபடத்தோடு நான் திகைத்து நின்றபோதுதான், பகலெல்லாம் ஓர் இரவல் இரும்புக் குண்டை வைத்துச் சமாளித்த அப்பா பையைக் கவிழ்த்தார்.

"சனிக்கிழமை என் கையால பைக்குள்ள போட்டேன். பையைச் சாமான் அறையில வச்சுட்டுத்தான் போனேன்," என்றார்.

நெட்டை மாமா சாரத்திலிருந்து இறங்கி வந்தார். அப்பாவோடு வேலை செய்யும் இன்னொரு கொத்தனார் அவர். "நீங்க போட்டீங்க, சரி. சாமான் அறைச் சாவி யாருகிட்ட இருந்துச்சு?"

எல்லார் கண்ணும் ஒரே பக்கம் திரும்பியது.

சாவி சூறாவளி அக்காவிடம் இருந்தது. கொத்தனார்களுக்குக் கல்லும் சாந்தும் சுமந்து தரும் சித்தாள் அவர். தலையில் ஒன்பது செங்கல்லோடு ஓட்டமும் நடையுமாக வருவார். அதனால் அந்தப் பெயர். காலையில் முதல் ஆளாக வந்து புதுச் சுவர்களுக்குத் தண்ணீர் விடுவதும் அவர்தான். அதனால் சாவியை அப்பா அவரிடம் கொடுத்திருந்தார்.

அக்கா சாந்துச் சட்டியைத் தலையிலிருந்து இறக்கினார். "என்னண்ணே சொல்றீங்க?"

"நான் ஒண்ணும் சொல்லலையே. சாவி யாருகிட்டன்னு கேட்டேன். கேக்குறது ஒரு தப்பா?"

"கேட்ட விதம் தப்பு."

"பித்தளைக்கு இப்ப நல்ல மவுசாம். யாரோ சொன்னாங்க," என்று நெட்டை மாமா வானத்தைப் பார்த்துச் சொன்னார்.

சூறாவளி அக்கா அவரை விட்டுவிட்டு அப்பாவிடம் திரும்பினார். "மேஸ்திரி, ஆறு வருஷமா உங்ககிட்ட வேலை பாக்குறேன். நீங்க சொல்லுங்க. நான் எடுத்திருப்பேனா?"

அப்பா காலிப் பையைப் பார்த்தார். உள்ளே கையை விட்டு மறுபடி துழாவினார். பதில் மட்டும் சொல்லவில்லை.

என் வாய் திறந்தது. "அப்பா" என்றுகூட வந்துவிட்டது.

"என்ன?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது.

"தண்ணி வேணும்," என்றேன்.

சூறாவளி அக்கா சாவியை ஜன்னல் கட்டையில் வைத்தார். தலையில் வைத்திருந்த சும்மாட்டுத் துணியை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனார். அவர் மெதுவாக நடந்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

வீட்டில் அப்பா தட்டைத் தள்ளி வைத்தார்.

"அவளா எடுத்திருப்பா?" என்று அம்மா கேட்டார்.

"நான் எடுத்தான்னு சொல்லலையே!"

"எடுக்கலைன்னும் சொல்லலையே."

அப்பா எழுந்து கை கழுவப் போனார். அம்மா எங்கள் பக்கம் திரும்பி, "நீங்க ரெண்டு பேரும் ஏன் பேயறைஞ்ச மாதிரி இருக்கீங்க?" என்றார். வாண்டு சட்டென்று ஒரு கண்ணைக் கைக்குட்டையால் கட்டிக்கொண்டான். எனக்குக் கட்ட ஒன்றும் இல்லை. தட்டைப் பார்த்தபடியே சாப்பிட்டேன்.

செவ்வாய் மாலை குத்துமதிப்பாக ஓர் இடத்தில் தோண்டினோம். இல்லை. இன்னோர் இடத்தில் தோண்டினோம். அங்கேயும் இல்லை. ஏழாவது குழி தோண்டும்போது "ஐயோ!" என்று ஒரு சத்தம் கேட்டது. நெட்டை மாமாவின் கால் மூன்றாவது குழிக்குள் முழங்கால் வரை போயிருந்தது.

"எந்தப் பெருச்சாளி இங்க வளை தோண்டுச்சு?"

அப்பா ஓடி வந்தார். "மூடுங்க, எல்லாத்தையும் மூடுங்க! நாளைக்குக் காலையில இந்த இடம் முழுக்கக் கான்கிரீட் போடப்போறோம். வண்டி நிறுத்துற இடம் இது. விளையாட வேற இடமே கிடைக்கலையா?"

"கான்கிரீட் போட்ட பிறகு கீழே இருக்கறதை எடுக்க முடியுமாப்பா?" என்றான் வாண்டு.

"வெடி வச்சுத்தான் எடுக்கணும்," என்றார் நெட்டை மாமா, காலைத் தேய்த்துக்கொண்டே.

குழிகளை மூடினோம். ஒவ்வொரு பிடி மண் போடும்போதும் கொள்ளுத்தாத்தாவின் குண்டை நானே இன்னும் ஆழத்துக்குத் தள்ளுவது போல இருந்தது. ஆனால் அதைவிடப் பெரியதாக ஒன்று உறுத்தியது. குண்டு கிடைக்காமல் போனால், சூறாவளி அக்கா எடுக்கவில்லை என்பதை யார் நம்புவார்கள்?

"அடுக்கு எங்க இருந்துச்சுன்னு யாருக்குடா சரியாத் தெரியும்?" என்றேன்.

வாண்டு யோசித்தான். "சுமந்தவங்களுக்குத் தெரியும்."

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். சுமந்தவர் ஒருவர்தான்.

சூறாவளி அக்கா வீடு நான்கு தெரு தள்ளி இருந்தது. போகும் வழியில் வாண்டு ஒரு யோசனை சொன்னான். "அக்கா, இடத்தை மட்டும் கேட்டுக்கலாம். குண்டை எடுத்துப் பைக்குள்ள போட்டுடலாம். அப்பா பார்ப்பார். 'அட, இங்கதான் இருக்கு'ம்பார். அவ்வளவுதான்! யாருக்கும் திட்டு கிடையாது."

நல்ல யோசனையாகத்தான் பட்டது. உண்மையைச் சொன்னால், ஒரு தெரு முழுக்க அந்த யோசனையோடுதான் நடந்தேன். அடுத்த தெருவில் நின்றுவிட்டேன்.

"வேணாம்டா. நெட்டை மாமா என்ன சொல்லுவார் தெரியுமா? எடுத்தவ பயந்துபோய்த் திருப்பி வச்சுட்டான்னு சொல்லுவார்."

வாண்டு முகம் சுண்டிப்போனது. "ஆமா. சொல்லுவார்."

சூறாவளி அக்கா வாசல் குழாயடியில் துணி துவைத்துக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் எழுந்தார்.

"அப்பா அனுப்பினாரா?"

அவர் முகத்தில் அப்போது தெரிந்த ஆசையை நான் இன்னும் மறக்கவில்லை. நாங்கள் இல்லை என்று தலையை ஆட்டினோம். அவர் மறுபடி உட்கார்ந்துவிட்டார்.

நான் எல்லாவற்றையும் சொன்னேன். பாதியில் அழுகை வந்தது. வாண்டு மீதியைச் சொன்னான். வரைபடத்தையும் நீட்டினான்.

அக்கா அதை வாங்கவில்லை. கையிலிருந்த துணியை முறுக்கிப் பிழிந்தார். தண்ணீரெல்லாம் வடிந்த பிறகும் முறுக்கிக்கொண்டே இருந்தார்.

"இன்னிக்கு வேற ஒரு இடத்துல வேலை கேட்டுப் போனேன்," என்றார். "அங்க இருக்கிற மேற்பார்வைக்காரர் கேட்டார், 'ஓ, அந்தக் குண்டு காணாமப் போன இடத்துல இருந்தவ நீதானா?'ன்னு. ஒரே நாள்ல எப்படிப் போய்ச் சேர்ந்துச்சு பாரு. நான் நடக்கிறதைவிட வேகம்."

எனக்கு எங்கே முகத்தை வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. சோப்பு நுரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"திங்கக்கிழமை நீ வாயைத் திறந்தே," என்றார் அக்கா. "நான் பார்த்தேன். எனக்காக ஏதோ சொல்லப் போறேன்னு நினைச்சேன். தண்ணி கேட்டே."

"தப்பு அக்கா."

"தப்புதான்," என்றார் அவர். பரவாயில்லை என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்திருக்கும்.

துணியை வாளியில் போட்டுவிட்டு ஈரக் கையை நீட்டினார். "கொடு, அந்தப் படத்தை. இது என்னது, உருளைக்கிழங்கா?"

"மண்டை ஓடு," என்றான் வாண்டு வருத்தத்தோடு.

"அந்த அடுக்கை அடுக்கினதும் நான்தான், சுமந்து தீர்த்ததும் நான்தான். பக்கத்து வீட்டுச் சுவர்ல மழைத்தண்ணிக் குழாய் ஒண்ணு இறங்குது பாரு, அதுக்கு நேரா மூணு தப்படி. அங்கதான் அடுக்கோட மூலை. மணல் மேடு வாசல் தூணை ஒட்டி இருந்துச்சு. போங்க, இன்னும் வெளிச்சம் இருக்கு. போய் எடுத்துக்குங்க."

நான் நகரவில்லை. "நீங்க நாளைக்குக் காலையில வரணும், அக்கா."

"நான் எதுக்கு?"

"எல்லாரும் இருக்கும்போது சொல்றேன். நான் சொல்லும்போது நீங்க அங்க இருக்கணும்."

அக்கா என்னை மேலும் கீழும் பார்த்தார். "மறுபடி தண்ணி கேக்க மாட்டியே?"

"மாட்டேன்."

புதன்கிழமை விடிந்து கொஞ்ச நேரத்தில் நாங்கள் அங்கே இருந்தோம். ஆனால் எங்களுக்கு முன்பே பத்துப் பன்னிரண்டு பேர் வந்திருந்தார்கள். கலவை இயந்திரம் கடகடவென்று சுற்றிக்கொண்டிருந்தது. ஜல்லியும் மணலும் அதற்குள் விழுந்துகொண்டிருந்தன. சூறாவளி அக்கா வாசல் தூணருகே வந்து நின்றார். நெட்டை மாமா அவரைப் பார்த்துவிட்டு, பார்க்காதது போலத் திரும்பிக்கொண்டார்.

அப்பாவிடம் போனேன். "அப்பா, குண்டை நான்தான் எடுத்தேன்."

"என்ன?" அப்பா காதருகே கையைக் குவித்தார். "காதுல விழலை!"

"குண்டை நான்தான் எடுத்தேன்!"

"சத்தமாச் சொல்லு! மெஷின் ஓடுது!"

எவ்வளவு மூச்சு இருந்ததோ அவ்வளவையும் இழுத்துக்கொண்டேன். அந்த நேரம் பார்த்து இயந்திரக்காரர் எண்ணெய் விடுவதற்காக அதை நிறுத்தினார்.

"குண்டை எடுத்தது நான்தான்! சூறாவளி அக்கா எடுக்கலை!"

தெருவே கேட்டது. எதிர் வீட்டு மாடியில் பல் துலக்கிக்கொண்டிருந்த ஒருவர் பிரஷ்ஷை வாயிலிருந்து எடுத்துவிட்டார். பன்னிரண்டு பேர் என்னைப் பார்த்தார்கள். அப்படியே கலவைக்குள் குதித்துக் கரைந்துவிடலாம் போல இருந்தது. குதிக்கவில்லை. மீதியையும் சொன்னேன். புதையல் விளையாட்டு, வரைபடம், நான் தண்ணீர் கேட்டது எல்லாம். வாண்டு என் பாவாடையைப் பிடித்தபடி, "நானும்தான், நானும்தான்," என்று நடுநடுவே சொன்னான்.

அப்பா சுவரோரம் போனார். மண்வெட்டியை எடுத்தார்.

சூறாவளி அக்கா முன்னால் வந்தார். மழைத்தண்ணிக் குழாய்க்கு நேராக மூன்று தப்படி வைத்து நின்றார். "இங்க."

அங்கிருந்து நான் பதினான்கு தப்படி நடந்தேன். தூணைப் பார்த்து ஆறு. அப்பா தோண்டினார். ஒரு முழம், ஒன்றரை முழம். வெறும் மண். யாரோ பின்னால் செருமினார்கள். நெட்டை மாமா, "ம்ம்," என்றார்.

வாண்டு என்னைச் சுரண்டினான்.

"அக்கா, அன்னைக்கு நடந்தது நான். கப்பல் தலைவன்தான் நடக்கணும்னு நீதானே சொன்னே?"

யாரோ சிரித்தார்கள். வாண்டு ஓடிப்போய் சூறாவளி அக்காவின் காலடியில் நின்றான். அவனுடைய குட்டிக் காலால் பதினான்கு வைத்தான், பிறகு ஆறு வைத்தான். நான் நின்ற இடத்துக்கு வெகு முன்பே நின்றுவிட்டான். அப்பா அங்கே தோண்டினார். மண்வெட்டியை வைத்துவிட்டு, கையால் தோண்டினார். சிமெண்ட் பைத் தாள் தெரிந்தது. அதற்குள்ளே குண்டு இருந்தது.

அப்பா அதைத் துடைக்கக்கூட இல்லை. மண்ணோடு சட்டைப் பையில் போட்டுக்கொண்டு சூறாவளி அக்காவுக்கு முன்னால் போய் நின்றார்.

"என் கையால பைக்குள்ள போட்டேன்னு சொன்னேன். போட்ட ஞாபகமே எனக்கு இல்லை. தினமும் போடுவேன், அதனால அன்னைக்கும் போட்டிருப்பேன்னு நினைச்சேன். நீ கேட்டப்ப நான் பதில் சொல்லியிருக்கணும். என் பொண்ணு வாயை மூடிக்கிட்டிருந்தான்னு நான் எப்படிக் கோபப்படுவேன்? நானும் மூடிக்கிட்டுத்தான் இருந்தேன்."

நெட்டை மாமா தலையைச் சொறிந்தார். "நான் சும்மாதான் கேட்டேன்..."

"சும்மா கேட்டது நாலு தெரு போயிடுச்சுண்ணே," என்றார் சூறாவளி அக்கா. பிறகு அப்பா பக்கம் திரும்பினார். "மேஸ்திரி, இங்க சொன்னது சரி. நேத்து நான் போன இடத்துல யார் சொல்லுவா?"

அப்பா என்னைப் பார்த்தார். நான் வந்து சொல்கிறேன் என்று தலையை ஆட்டினேன்.

கலவையை நெட்டை மாமா பார்த்துக்கொள்ள, நாங்கள் நான்கு பேரும் அந்த இன்னொரு கட்டடத்துக்குப் போனோம். பெரிய கட்டடம். மேற்பார்வைக்காரர் நாற்காலியில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். இரண்டாம் முறையாக எல்லாவற்றையும் சொன்னேன். இந்த முறை இயந்திரம் எதுவும் ஓடவில்லை. ஒவ்வொரு வார்த்தையும் என் காதிலேயே விழுந்தது. நடுவில் ஒரு தடவை நின்றேன். அப்பா என் தோளில் கை வைத்தார். சொல்லி முடித்தேன்.

"அடப்பாவமே," என்றார் மேற்பார்வைக்காரர். டீயைக் கீழே வைத்துவிட்டுச் சூறாவளி அக்காவிடம், "தப்பா நினைச்சுக்காதேம்மா. நாளையிலிருந்து இங்கயே வேலைக்கு வந்துடு," என்றார்.

அக்கா சும்மாட்டுத் துணியைத் தோளிலிருந்து எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டார்.

"இல்லைங்க, எனக்கு வேலை இருக்கு," என்றார். "எங்க இடத்துல இன்னிக்குக் கான்கிரீட். நேரமாச்சு மேஸ்திரி, வாங்க."

சொல்லிவிட்டு அவர் விறுவிறுவென்று முன்னால் நடந்தார். அப்பாவுக்கும் எங்களுக்கும் அவரை எட்டிப் பிடிக்க ஓடத்தான் வேண்டியிருந்தது.